கோவாவில் எங்கே சாப்பிடுவது, ராத்திரி எங்கே போவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கோவாவுக்கு டிக்கெட் போட்டவர்கள் கேட்கிற கேள்விகளையும், போய் வந்தவர்கள் புலம்புகிற விஷயங்களையும் சேர்த்து இங்கே பதில் எழுதியிருக்கிறேன். என் கட்சி என்ன என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கோவாவில் நல்ல சாப்பாடு மதியம் கிடைக்கும், நல்ல கூத்து ராத்திரி கிடைக்கும். இரண்டையும் ஒரே மேசையில் தேடுகிறவர்கள்தான் காசையும் விட்டுவிட்டு, “கோவா சாப்பாடு சுமார்தான்பா” என்று ஊருக்கு வந்து சொல்கிறார்கள்.

எந்தப் பக்கம் தங்கினால் எப்படிப்பட்ட இரவு கிடைக்கும்?

வடக்கில் கண்டோலிம், கலங்குட், பாகா மூன்றும் ஒரே நீளக் கடற்கரை. கண்டோலிம் கொஞ்சம் வயதானவர்களுக்கும் குடும்பங்களுக்கும் தோதானது. கலங்குட்டில் எப்போதும் திருவிழாக் கூட்டம். பாகாவில் சத்தம், விளக்கு, தரகர்கள் எல்லாம் உண்டு. அதற்கும் வடக்கே அஞ்சுனா, வாகத்தூர். 1960களின் கடைசியில் ஹிப்பிகள் வந்து இறங்கிய இடம் அஞ்சுனா. டிரான்ஸ் என்ற மின்னணு நடன இசை இங்கேதான் வேர் பிடித்தது. இன்னும் மேலே போனால் மோர்ஜிம், அஷ்வெம். ரஷ்யர்கள் அதிகம் வந்துபோன பகுதி என்பதால் சில மெனு அட்டைகளில் ரஷ்ய மொழியும் இருக்கும். அரம்போலில் சூரியன் மறைகிற நேரத்தில் கரையிலேயே வட்டமாக உட்கார்ந்து மேளம் அடிப்பார்கள். அதற்கு டிக்கெட்டும் இல்லை, கவர் சார்ஜும் இல்லை.

தெற்கில் கோல்வா, பெனாலிம், அகோண்டா, பாலோலெம். இங்கே இரவு என்றால் சாப்பாடு, அலைச் சத்தம், பத்தரைக்குப் படுக்கை. அகோண்டாவும் வடக்கிலுள்ள மோர்ஜிமும் கடலாமைகள் முட்டையிடும் கரைகள் என்பதால் விளக்குக்கும் சத்தத்துக்கும் கட்டுப்பாடு உண்டு. “பாலோலெமில் ரூம் எடுத்துக்கொண்டு ராத்திரி பாகா போய் வரலாமா?” என்று கேட்பவர்களுக்கு: ஒரு வழிக்கே இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வேண்டாம்.

எந்த மாதம் போவது?

நவம்பர் முதல் பிப்ரவரி வரை எல்லாமே திறந்திருக்கும். கிறிஸ்துமஸுக்கும் புத்தாண்டுக்கும் நடுவில் மட்டும் போகாதீர்கள். அறை வாடகை தாறுமாறாக ஏறும், கலங்குட் சாலையில் கார் நகரவே நகராது.

ஜூனிலிருந்து செப்டம்பர் வரை மழைக்காலம். கடற்கரைக் குடில்களைப் பிரித்துவிடுவார்கள், கடலில் இறங்கவும் முடியாது. ஆனால் அறை மலிவு, ஊர் பச்சைப்பசேல் என்று இருக்கும். ஜூன் 24 அன்று சாவ் ஜோவாவ் பண்டிகை. தலையில் பூவும் இலையும் சேர்த்துக் கட்டிய கிரீடத்தோடு ஊர்க் கிணறுகளில் பொத் பொத்தென்று குதிப்பார்கள். டிசம்பர் கூட்டம் இதைப் பார்த்தே இருக்காது.

மீன் சாப்பிடத்தான் போகிறீர்கள் என்றால் ஒரு கணக்கை மனதில் வையுங்கள். நம் பக்கம் மீன்பிடித் தடைக்காலம் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. அந்த இரண்டு மாதமும் விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. அப்போது கிடைப்பது சிறு வள்ளங்களில் வருவது, ஆற்று மீன், அல்லது ஐஸ்பெட்டியில் கிடந்தது.

ஷாக் என்கிறார்களே, அங்கே சாப்பிடலாமா?

ஷாக் என்பது மணலில் மூங்கிலும் ஓலையும் வைத்துக் கட்டும் தற்காலிகக் குடில். அரசு உரிமம் கொடுக்கும். மழைக்காலம் முடிந்ததும் கட்டுவார்கள், மே கடைசியில் பிரித்துவிடுவார்கள். கடலைப் பார்த்தபடி சாய்வு நாற்காலியில் கிடந்து ஒரு பீர் குடிக்க இதைவிட நல்ல இடம் கிடையாது. நாற்காலிக்குப் பெரும்பாலும் தனிக் காசு கேட்கமாட்டார்கள், ஏதாவது ஆர்டர் செய்தால் போதும். சில இடங்களில் குறைந்தபட்சத் தொகை உண்டு என்பதால் உட்காரும் முன்பே கேட்டுவிடுங்கள்.

சாப்பாடு வேறு கதை. மெனு அட்டை பத்துப் பக்கம் ஓடும்: தந்தூரி, சில்லி சிக்கன், பாஸ்தா, பட்டர் கார்லிக் இறால். சமையல்காரர்களில் பலர் நேபாளம், ஒடிசா, ஜார்க்கண்ட் பக்கத்திலிருந்து சீசனுக்கு வருபவர்கள். தந்தூரியில் கை தேர்ந்தவர்கள்தான், ஆனால் கோவா வீட்டுக் குழம்பு அவர்கள் கையில் வராது. ஷாக்குகளில் மீன் குழம்பும் சோறும் கட்டாயம் இருக்க வேண்டும் என்று மாநில அரசே சொல்ல வேண்டி வந்தது என்றால் நிலைமையைப் புரிந்துகொள்ளலாம். ஷாக்கில் வறுவல், குடி, சூரிய அஸ்தமனம் மூன்றும் போதும்.

அப்படியென்றால் கோவா சாப்பாடு எங்கே கிடைக்கும்?

கடற்கரையிலிருந்து ஒன்றிரண்டு கிலோமீட்டர் உள்ளே, மதியம் பன்னிரண்டரை மணிக்கு. பஞ்சிம், மாப்சா, மட்காவ் நகரங்களிலும் ஊர்ச்சாலைகளிலும் மீன் தாலி, அதாவது மீனோடு தட்டுச் சாப்பாடு, போடும் கடைகள் இருக்கின்றன. அலுவலகப் பை மாட்டிக்கொண்டு ஆட்கள் வரிசையில் நிற்கிற கடையாகப் பார்த்து நுழையுங்கள்.

தட்டு வந்ததும் அவசரப்படாமல் பாருங்கள். நடுவில் சோறு, பல கடைகளில் சிவப்புப் புழுங்கல் அரிசியும் கேட்டால் கிடைக்கும். ஒரு கிண்ணத்தில் ஆரஞ்சு நிறக் குழம்பு: தேங்காய், காய்ந்த மிளகாய், கொத்தமல்லி விதை அரைத்து, புளிக்குப் பதிலாகப் பெரும்பாலும் கோகம் என்ற புளிப்புப் பழம் போட்டது. பக்கத்தில் ரவையில் புரட்டி வறுத்த மீன் துண்டு. ஓரத்தில் தேங்காய்ப் பூவோடு கிளறிய மட்டி, ஒரு காய், அப்புறம் கிஸ்மூர். கிஸ்மூர் என்பது காய்ந்த சின்ன இறாலை வறுத்து, வெங்காயமும் தேங்காயும் சேர்த்துப் பிசைந்தது. நம் கருவாட்டுப் பிரியர்கள் இதற்காகவே இன்னொரு தாலி சொல்வார்கள். கடைசியில் இளஞ்சிவப்பு நிறத்தில் சோல் கடி: கோகமும் தேங்காய்ப்பாலும் கலந்தது. அதைச் சோற்றில் ஊற்றியும் சாப்பிடலாம், அப்படியே குடிக்கவும் செய்யலாம். குழம்பு கேட்கக் கேட்க ஊற்றுவார்கள். வறுவல் இன்னொரு துண்டு என்றால் தனிக் காசு.

மூன்று மணிக்குப் பிறகு போனால் கதவு மூடியிருக்கும். மதியத் தூக்கத்தை அந்த ஊர்க்காரர்கள் விட்டுக்கொடுப்பதில்லை, கடைத்தெருவே படுத்துவிடும். ராத்திரி பதினொன்றுக்குப் பாகாவில் உட்கார்ந்து “கோவன் தாலி இருக்கா?” என்று கேட்பது, சென்னையில் நள்ளிரவில் சாப்பாட்டுக் கடையில் முழுச் சாப்பாடு கேட்பது போலத்தான்.

மெனுவில் இருக்கிற மீன் எல்லாம் நம் மீன்தானா?

பெரும்பாலும் அதேதான். கிங்ஃபிஷ் அல்லது இஸ்வண் என்றால் வஞ்சரம். பாங்டா என்றால் கானாங்கெளுத்தி. சொணாக் என்றால் கொடுவா. லேடிஃபிஷ் அல்லது முட்டோஷி என்றால் கிழங்கான். ரவை வறுவலுக்கு இதை மிஞ்ச ஆளில்லை, ஆனால் சுற்றுலாப் பயணிகள் யாரும் கேட்பதில்லை. தீஸ்ரியோ என்றால் மட்டி.

மசாலாக்களில் ரெஷாடோ என்பது காஷ்மீரி மிளகாயும் பூண்டும் வினிகரும் சேர்த்து அரைத்த சிவப்பு விழுது; கானாங்கெளுத்தியின் வயிற்றைக் கீறி உள்ளே அடைத்து வறுப்பார்கள். கஃப்ரியால் பச்சை மசாலா, கோழிக்கு. ஷாகுத்தியில் தேங்காயும் கசகசாவும் மசாலாப் பொருட்களும் வறுத்து அரைப்பதால் செட்டிநாட்டுக் குழம்பு பழகிய நாக்குக்கு உடனே பிடிக்கும். விந்தாலு அங்கே பெரும்பாலும் பன்றிக்கறி, புளிப்பு கள் வினிகரிலிருந்து வரும். அதில் உருளைக்கிழங்கு மிதந்தால் அது வெளியூர் விந்தாலு.

மாலையில் ஐஸ் தட்டில் மீனை அடுக்கிக் காட்டுகிறார்களே, வாங்கலாமா?

வாங்கலாம், விலை கேட்டுவிட்டு. மெனுவில் இந்த மீன்களுக்கு எதிரே விலை இருக்காது, “அளவைப் பொறுத்து” என்றுதான் இருக்கும். பர்ஸ் கிழிவது இங்கேதான். மீனைக் கையில் எடுத்துப் பாருங்கள், செவுளைத் திறக்கச் சொல்லுங்கள், எடை போடச் சொல்லுங்கள், சமையல் கூலியும் சேர்த்து மொத்தம் எவ்வளவு என்று கேளுங்கள். காசிமேட்டில் மீன் வாங்குகிற அதே முகத்தை இங்கேயும் வைத்துக்கொள்ளலாம், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள். பில்லில் சர்வீஸ் சார்ஜ் என்று தனியாகச் சேர்த்திருந்தால் அது கட்டாயம் இல்லை, எடுக்கச் சொல்லலாம்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் என்ன செய்வது?

பட்டினி கிடக்க வேண்டியதில்லை. எல்லா ஊரிலும் உடுப்பி ஓட்டல் இருக்கிறது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள். காலையில் பழைய சிற்றுண்டிக் கடைகளில் பாஜி-பாவ் கிடைக்கும். மும்பையின் மசித்த பாவ்பாஜி அல்ல, பட்டாணியோ உருளையோ தனித்தனியாகத் தெரிகிற குழம்பு. தொட்டுக்கொள்ள லேசாக இனிக்கும் பன்ஸ், மிளகாய் பஜ்ஜி. போண்டா என்ற ஊருக்குப் பக்கத்தில் மங்கேஷி போன்ற கோயில்களைச் சுற்றிச் சைவச் சாப்பாட்டுக் கடைகள் உண்டு. மழைக்காலத்தில் காட்டுக் காளான் வந்தால் காளான் ஷாகுத்தி செய்வார்கள்.

ஒரு எச்சரிக்கை: ஷாக் சமையலறையில் ஒரே எண்ணெயில்தான் எல்லாம் வேகும். சைவத்தில் கண்டிப்பாக இருப்பவர்கள் அங்கே பழச்சாறோடு நிறுத்திக்கொள்வது நல்லது.

ராத்திரி பசித்தால்?

ஏழு மணியிலிருந்து தள்ளுவண்டிகளைத் தேடுங்கள். காடோ என்பார்கள். பஞ்சிம், மாப்சா, மட்காவில் நிறைய. அங்கே கேட்க வேண்டியது ரோஸ் ஆம்லெட். வெங்காயம், பச்சை மிளகாய் போட்ட ஆம்லெட்டைத் தட்டில் போட்டு, அதன் மேல் கொதிக்கிற கோழி ஷாகுத்திக் குழம்பை ஒரு கரண்டி ஊற்றி, பச்சை வெங்காயம் தூவி, எலுமிச்சை பிழிந்து, பாவ் ரொட்டியோடு நீட்டுவார்கள். நின்றுகொண்டே சாப்பிட வேண்டியதுதான். குழம்பில் எலும்புத் துண்டு ஒன்றிரண்டு வந்தால் அதிர்ஷ்டம். பெரிய கிளப்பில் கொடுக்கிற தந்தூரித் தட்டைவிட ஆயிரம் மடங்கு மேல் என்று நான் எங்கேயும் சொல்வேன்.

கிளப் முடிந்து ஒரு மணிக்கு வந்தால் பல வண்டிகள் போயிருக்கும். அதனால் முதலில் ஆம்லெட், அப்புறம் ஆட்டம்.

ஃபெனி குடித்துப் பார்க்கலாமா? வாடை அடிக்கும் என்கிறார்களே?

அடிக்கும். முந்திரிப் பழத்தை நசுக்கி, சாற்றைப் புளிக்க வைத்துக் காய்ச்சுவது ஃபெனி. பண்ருட்டிப் பக்கம் கொட்டையை எடுத்துக்கொண்டு பெரும்பாலும் பழத்தை வீணாக விடுகிறோமே, அங்கே பழத்துக்குத்தான் முதல் மரியாதை. முந்திரி மரத்தை பிரேசிலிலிருந்து கொண்டுவந்தவர்கள் போர்த்துகீசியர்கள். முந்திரி ஃபெனிக்கு 2009இல் புவிசார் குறியீடு கிடைத்தது. தெற்கில் தென்னங்கள்ளில் காய்ச்சும் ஃபெனியும் உண்டு.

முதல் முறை என்றால் ஃபெனியில் ஆரம்பிக்காதீர்கள், உர்ராக்கில் ஆரம்பியுங்கள். ஒரே தடவை காய்ச்சி இறக்கியது, வீரியம் குறைவு, பழ வாசனை மிதமானது. மார்ச் முதல் மே வரைதான் கிடைக்கும், நாள்பட வைக்க முடியாது. லிம்கா ஊற்றி, உப்பு போட்டு, கீறிய பச்சை மிளகாய் ஒன்றை மிதக்கவிட்டுக் கொடுப்பார்கள். வெயிலில் சர்பத் மாதிரி இறங்கும். எழுந்து நிற்கும்போதுதான் விஷயம் தெரியும். ஊர்ப்புறச் சிறு மதுக்கடைகளில் நன்றாக இருக்கும். கோவாவில் மது அருந்த 21 வயது ஆகியிருக்க வேண்டும், அடையாள அட்டை கையில் இருக்கட்டும்.

பசங்க மட்டும் ஆறு பேர் போகிறோம். கிளப்பில் விடுவார்களா?

இதுதான் நம் ஊரிலிருந்து அதிகம் வரும் கேள்வி. நேர்மையான பதில்: பல இடங்களில் தயங்குவார்கள். ஜோடிகளுக்கு ஒரு கட்டணம், ஆண்கள் மட்டும் என்றால் அதிகக் கட்டணம் அல்லது அனுமதியே இல்லை. பாகாவின் டிட்டோஸ் சந்து 1971இல் தொடங்கிய ஒரே ஒரு பாரின் பெயரில் வளர்ந்து, இப்போது இரண்டு பக்கமும் கிளப்புகள் நிறைந்த தெரு. வாசலில் நிற்கிற ஆள் முதலில் சொல்லும் தொகை கடைசித் தொகை அல்ல. அந்தத் தொகைக்குள் குடி அடங்குமா, அடங்கினால் எந்தெந்தக் குடி, எத்தனை மணி வரை என்று கேட்டபிறகு காசை நீட்டுங்கள்.

ஆறு பேரும் அரை டிரவுசரும் ரப்பர் செருப்புமாக நின்றால் பேரம் பேசவே இடமிருக்காது. ஒரு சட்டை, ஒரு ஷூ, பதினொன்றுக்கு முன்னால் வருவது. இவை மூன்றும் பாதி வேலையை முடித்துவிடும். அதுவும் சரிவரவில்லை என்றால் வாகத்தூர், அஞ்சுனா பக்கம் பாட்டுக்காகவே வருகிற கூட்டம் இருக்கும் இடங்களைப் பாருங்கள், அங்கே கெடுபிடி பொதுவாகக் குறைவு.

பத்து மணிக்குப் பாட்டை நிறுத்திவிடுவார்கள் என்பது உண்மையா?

சட்டம் அப்படித்தான். இரவு பத்து முதல் காலை ஆறு வரை திறந்த வெளியில் ஒலிபெருக்கி கூடாது. சில விசேஷ நாட்களில் மட்டும் நள்ளிரவு வரை தளர்த்துவார்கள். மூடிய, சத்தம் வெளியே போகாத அரங்குகளுக்குள் தொடரலாம். நடைமுறையில் சில இடங்களில் பத்துக்கு மேலும் அதிரும். ஊர்க்காரர்கள் புகார் கொடுப்பதும் போலீஸ் வருவதும் தொடர்கதை. பாலோலெமில் இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: ஆளுக்கு ஒரு ஹெட்ஃபோன். வெளியிலிருந்து பார்த்தால் சத்தமே இல்லாமல் நூறு பேர் குதித்துக்கொண்டிருப்பார்கள். ஹெட்ஃபோனைக் கழற்றினால் பக்கத்து ஆள் ராகம் தப்பிப் பாடுவது கேட்கும். அதுவே தனிப் பொழுதுபோக்கு.

மூடிய அரங்கு என்றதும் இன்னொன்றும் சொல்ல வேண்டும். 2025 டிசம்பரில் அர்போராவில் ஓர் இரவு விடுதி தீப்பிடித்து 25 பேர் இறந்தார்கள். அதில் பெரும்பாலோர் அங்கே வேலை பார்த்தவர்கள். எந்த கிளப்புக்குப் போனாலும் இரண்டாவது வாசல் எங்கே என்று பார்த்துவிட்டு உட்காருங்கள். ஒரே குறுகலான வழிதான், உள்ளே ஓலையும் துணியும் தொங்குகிறது, மேடையில் வாணம் கொளுத்துகிறார்கள் என்றால் கொடுத்த காசு போகட்டும் என்று வெளியே வந்துவிடுங்கள்.

சாலையில் வந்து “டான்ஸ் பார், மசாஜ்” என்று கூப்பிடுகிறார்களே?

போகாதீர்கள். அவ்வளவுதான். உள்ளே போனபிறகு நீங்கள் கேட்காத பாட்டில்களுக்குப் பில் வரும். நாலு பேர் சுற்றி நின்று கார்டையும் போனையும் தேய்க்க வைப்பார்கள். வெட்கப்பட்டுப் பலர் போலீஸுக்கும் போவதில்லை. போதைப் பொட்டலம் விற்க வருகிறவர்களுக்கும் இதே பதில். போதைப்பொருள் சட்டத்தில் ஜாமீன் கிடைப்பதே பெரும்பாடு.

கேசினோ போய்ப் பார்க்கலாமா?

பஞ்சிமில் மண்டோவி ஆற்றில் கப்பல்கள் நிற்கும், படகில் கூட்டிப்போவார்கள். 21 வயது ஆகியிருக்க வேண்டும். கோவாக்காரர்களுக்கே உள்ளே விளையாட அனுமதி இல்லை என்பது கவனிக்க வேண்டிய விஷயம். நுழைவுக் கட்டணத்தில் பஃபே, குடி, காசுக்குப் பதிலாக வைத்து ஆடும் சிப்ஸ் வில்லைகள் கொஞ்சம் அடங்கும். அந்த சிப்ஸ் பெரும்பாலும் விளையாட மட்டும்தான், காசாக மாற்ற முடியாது. வேடிக்கை பார்த்து, சாப்பிட்டு, ஆட்டம் பாட்டம் பார்த்துவிட்டு வருகிறவர்களுக்குக் கணக்கு சரியாக வரும். விட்டதைப் பிடிக்கிறேன் என்று இறங்கினால் வராது.

பெண்கள் மட்டும் போனால் பாதுகாப்பா?

பகலிலும் முன்னிரவிலும் இந்தியாவின் பல ஊர்களைவிட நிம்மதி. பல கிளப்புகளில் வார நாட்களில் பெண்களுக்கு இலவச அனுமதி வைக்கிறார்கள். தொந்தரவு வருவது பெரும்பாலும் கூட்டமான பாகா கரையில், செல்ஃபி கேட்டு வரும் வெளியூர் ஆண் கூட்டத்திடமிருந்து. அதில் நம் ஆட்களும் உண்டு. குடிக்கும் கிளாஸை மேசையில் விட்டுவிட்டுப் போகாதீர்கள், திரும்பி வரும் வண்டியை முன்பே பேசி வைத்துவிடுங்கள்.

ராத்திரி எப்படித் திரும்புவது?

ஓலா, ஊபர் இங்கே ஓடாது. கோவாமைல்ஸ் என்ற செயலி 2018 முதல் இருக்கிறது. உள்ளூர் டாக்சிக்காரர்களுக்கு அது பிடிக்காது என்பதால் சில இடங்களில் வண்டி உள்ளே வர மறுக்கும், சாலைக்கு நடந்து வந்து ஏற வேண்டியிருக்கும். கதம்பா என்ற அரசுப் பேருந்துகள் பகலுக்கு அருமை, ராத்திரிக்கு நம்ப முடியாது. பைலட் என்று அழைக்கப்படும் பைக் டாக்சியும் அப்படித்தான்.

வாடகை ஸ்கூட்டர் எடுத்தால் கறுப்பு நம்பர் பலகையில் மஞ்சள் எழுத்து இருக்க வேண்டும். வெள்ளைப் பலகை வண்டியைக் கொடுத்தால் வாங்காதீர்கள், பிடித்தால் உங்களைத்தான் பிடிப்பார்கள். குடித்துவிட்டு ஓட்டினால் முதல் முறைக்கே பத்தாயிரம் ரூபாய் வரை அபராதம், ஆறு மாதம் வரை சிறையும் உண்டு. அந்தச் சாலைகள் குறுகல், வளைவு, விளக்கில்லை, நடுவில் மாடு. ஆறு பேர் என்றால் ராத்திரி முழுக்க ஒரு டாக்சியைப் பேசிக்கொள்வதே மலிவு.

கரையிலேயே உட்கார்ந்து குடிக்கலாமா? ராத்திரி கடலில் இறங்கலாமா?

கரையில் குடிக்க 2019இலிருந்து சட்டப்படி தடை. ஷாக்குக்குள் குடிக்கலாம், பாட்டிலோடு மணலில் நடக்கக் கூடாது. ராத்திரி கடலில் இறங்கவே இறங்காதீர்கள். உயிர்காப்பாளர்கள் கோபுரத்தில் இருப்பது பகலில்தான்.

திரும்பும்போது பாட்டில் வாங்கி வரலாமா?

விலை குறைவுதான், ஆசை வரும். விமான விதிப்படி, செக்-இன் பெட்டியில் பிரிக்காத பாட்டில்களாக ஆளுக்கு ஐந்து லிட்டர் வரை வைக்கலாம். ஆனால் விமான விதி வேறு, மாநில மதுவிலக்குச் சட்டம் வேறு. புதுச்சேரியிலிருந்து பாட்டிலோடு வந்து சோதனைச்சாவடியில் மாட்டியவர்களைக் கேட்டுப் பாருங்கள். காரில் வருகிறவர்களுக்கு கார்வார் பக்கம் மாஜாளியிலேயே சோதனை இருக்கும். உரிய அனுமதிச் சீட்டு இல்லாமல் எடுத்து வராதீர்கள்.

பாட்டிலுக்குப் பதிலாக மாப்சா வெள்ளிக்கிழமைச் சந்தைக்குப் போங்கள். மணிமாலை மாதிரி கோத்துத் தொங்கவிட்ட பன்றிக்கறி சாசேஜ், முந்திரி, காய்ந்த கோகம் எல்லாம் அங்கே கிடைக்கும். பெபிங்கா என்ற அடுக்குக் கேக்கை நல்ல பேக்கரியில் வாங்கினால் சில நாள் தாங்கும். இறால் பல்ஷாவ் ஊறுகாய் வாங்கினால் மட்டும் அதைக் கைப்பையில் வைக்காமல் பெட்டிக்குள் வையுங்கள். பாதுகாப்புச் சோதனையில் எண்ணெய் ஊறுகாயைப் பறிமுதல் செய்துவிடுவார்கள்.